கோலத்துக்குப் பின்னால் ஒரு விண்கலம்

பரிசு வாங்கிய பழைய விஞ்ஞான நாவல்கள் என்றால் எனக்குக் கால் நிற்காது. எந்த ஊருக்குப் போனாலும் பழைய புத்தகக் கடைத் தூசியில் குந்திவிடுவேன். போன மாதம் அரியலூரில், கல்யாணத்துக்குக் கட்டிய பட்டுப்புடவையோடு அப்படிக் குந்தியபோது அது கிடைத்தது. ஒன்பது வயதில் நான் கேட்ட முதல் நாவல். முழுசாக, ஓட்டை இல்லாமல்.

எங்கள் ஆண்டிமடத்து வீட்டில் இருந்ததில் ஓட்டை இருந்தது. வார இதழ்ப் போட்டியில் முதல் பரிசு வாங்கிய தொடர்கதை அது. வாராவாரம் கிழித்துச் சேர்த்து அம்மா கோணி ஊசியால் தைத்து வைத்திருந்தாள். அந்தக் கோடையில், வாசலில் காயும் முந்திரிக்கொட்டைக்குக் காவல் இருந்தபடி, அத்தை தினம் ஒரு அத்தியாயம் எனக்கு வாசித்தாள். புகுந்த வீடான சிறுவாச்சூரிலிருந்து அத்தை வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. ஏன் வந்தாள் என்று பெரியவர்கள் தாழ்ந்த குரலில் பேசினார்கள்; எப்போது போவாள் என்று உரக்கக் கேட்டார்கள்.

கதையிலும் ஒருத்தி தனியாக இருந்தாள், விண்கலத்தில். எரிபொருள் இன்னும் ஒரே ஒரு பயணத்துக்குத்தான். பூமி வானொலியில் வா, வா என்று கூப்பிடுகிறது. எதிரே, பெயர் வைக்காத ஒரு நீலக் கிரகம். கடைசித் தாளைத் திருப்பினால் சதுரமாக ஒரு ஜன்னல். அதன் வழியே அத்தையின் மடி தெரிந்தது.

"அண்ணி, இத யாரு வெட்டுனது?"

"பின்னாடி பதினஞ்சு புள்ளித் தாமரைக் கோலம் இருந்துச்சே, விடுவனா?" என்றாள் அம்மா. "மார்கழில தங்கச்சி கேட்டான்னு குடுத்துட்டேன்."

விண்கலத்தில் இருந்தவள் வீடு திரும்பினாளா, இல்லையா? எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் அத்தை என்னைக் கூட்டிக்கொண்டு, சித்தி வீடு இருக்கும் உடையார்பாளையத்துக்குப் பஸ் ஏறினாள்.

சித்தி தன் கோல நோட்டை எடுத்து வந்தாள். தாமரை மலர்ந்திருந்தது, கதை மைதாப் பசையில் குப்புறக் கிடந்தது.

"பிச்சா கிழிஞ்சிரும்க்கா. அப்பறம் கோலத்துக்கு நான் எங்க போவேன்?"

"இட்லிப் பானை ஆவில காட்டுவோம். படிச்சதும் திரும்ப ஒட்டிக் குடுத்துடறேன்."

"ஒரு கதைக்கு இம்மாம் பாடா! அது கெடக்கட்டும், உங்க வூட்டுக்கு எப்பக்கா போறீங்க?"

"மொதல்ல கதையில இவ வூட்டுக்குப் போறாளான்னு பாப்போம்," என்றாள் அத்தை.

ஆவி பட்டுத் தாள் ஓரம் ஓரமாக எழுந்து வந்தது. நான் கை நீட்டினேன். சித்தி தட்டிவிட்டாள்: "தொடாதடி, கூழாயிடும்." அத்தை அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து முதலில் தனக்குள் படித்தாள். வெகுநேரம் படித்தாள். பிறகு உரக்க வாசித்தாள்: அவள் கலத்தைத் திருப்பினாள், பூமியில் இறங்கினாள், எல்லோரும் காத்திருந்தார்கள்.

நான் குதித்தேன். சித்தி என்னைவிடக் குதித்தாள். "பாத்தீங்களாக்கா, அம்மாந்தூரம் போனவளே வந்துட்டா. இந்தா இருக்கற சிறுவாச்சூரு ஒரு தூரமா?"

அத்தை சிரித்தபடியே பசை தடவி, கதையை மறுபடி குப்புற ஒட்டினாள். பிறகு ஆறு இட்லி தின்றாள். அவ்வளவு பசியோடு அவளை நான் பார்த்ததே இல்லை.

அரியலூர்க் கடையில் அந்தப் பக்கத்தை நின்றபடியே படித்தேன். அவள் வானொலியை அணைக்கிறாள். நீலக் கிரகத்தில் இறங்குகிறாள். காத்திருக்க அங்கே யாருமில்லை. காற்று மட்டும் நன்றாக இருக்கிறது.

உடையார்பாளையம் போய்வந்த மறு திங்கட்கிழமை, அத்தை தகரப்பெட்டியோடு பெரம்பலூர் பஸ் ஏறினாள். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு மாமாவுக்கென்று முந்திரிப்பருப்பு கட்டித் தந்தாள். கதையில் வந்தபடியே நடக்கிறது என்ற பூரிப்பில் நான் பஸ் மறையும்வரை கையாட்டினேன். சிறுவாச்சூருக்குப் போக வேண்டுமென்றால் பெரம்பலூரில் இறங்கி வேறு பஸ் மாற வேண்டும். இன்றும் பெரம்பலூரில் தையல் கடை வைத்திருக்கும் அத்தை, அந்த இரண்டாவது பஸ்ஸில் ஏறவே இல்லை.