விவரப் பக்கத்தில் ஒரு பொய் வரி

எனக்கு எழுபத்திரண்டு வயது. பெற்றது நான்கு, தங்கை விட்டுப்போன இரண்டையும் சேர்த்து ஆறு பிள்ளைகளை வளர்த்தேன். படுக்கையில் கிடப்பவர்களைக் கவனிக்கும் வேலைக்கு, ஏஜென்சி எதிலும் சேராமல் தனியாகவே பல வருடம் போனேன். இப்போது இந்த வேலைக்கு வரும் பிள்ளைகள் இன்டர்நெட்டில் தங்களைப் பற்றி எழுதிப் போடுகிறார்கள். நானும் போட்டவள்தான்.

1. தேனியில் எழுதியது

தேனி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் செல்வி என்ற பெண் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தாள். வெளிநாட்டுப் பிள்ளைகள் ஊரிலிருக்கும் பெற்றவர்களுக்கு ஆள் தேடும் பக்கம் ஒன்று உண்டு, அதில் உங்கள் விவரத்தைப் போடலாம் என்றாள். என் ஊர் கோம்பை, அங்கே எந்தத் தெரு, யார் மகள் என்று நான் ஆரம்பித்தேன்.

"ஆத்தா, பொண்ணா பாக்க வாராக? என்ன வேலை தெரியும், அதச் சொல்லுங்க."

குளிப்பாட்டுவேன், திருப்பிப் படுக்கவைப்பேன், மூக்கு டியூப் வழியாகக் கஞ்சி கொடுப்பேன் என்றேன். அவள் தட்டி முடித்து வாசித்தாள். டியூப் போடுவது, ஊசி போடுவது, எல்லா நர்ஸ் வேலையும் தெரியும் என்று வந்தது.

"டியூப்பு நான் போட்டதில்லையேத்தா?"

"எல்லாரும் இப்படித்தான் போடுறாக. அங்கன பரீட்சையா வைக்கப் போறாக?"

நான் எழுத்துக்கூட்டிப் படிக்கிறவள். என் பெயருக்குக் கீழே நர்ஸ் என்ற சொல் இருந்தது பார்க்க நன்றாக இருந்தது. இருக்கட்டும் என்றேன். செல்வியைக் குறை சொல்லமாட்டேன், சம்மதித்தது நான்.

2. பெரியகுளம்

துபாயிலிருந்து ஒரு மகன் கூப்பிட்டார். பெரியகுளத்தில் அவருடைய அப்பா, ஓய்வுபெற்ற வாத்தியார், பக்கவாதத்தில் கிடந்தார்; சாப்பாடு மூக்கு டியூப் வழியாகத்தான். கூட இருந்தது மருமகள் மட்டும். வேலைக்குச் சேர்ந்தேன்.

ஒன்பதாம் நாள் காலை, மருமகள் மாமனாருக்கு இன்சுலின் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போனாள். நான் கஞ்சியை ஆற்றிக்கொண்டு அரை மணியில் திரும்பினால், வாத்தியார் டியூப்பைப் பிடுங்கிக் கையில் வைத்திருக்கிறார். மருந்து உள்ளே போயாயிற்று, சாப்பாடு போக வழியில்லை; சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிடும். வாயால் விழுங்க அவரால் முடியாது.

மருமகள் ஓடிவந்து புது டியூப்பைப் பிரித்து நீட்டினாள். "போடுங்கம்மா, சீக்கிரம்!"

"எனக்குப் போடத் தெரியாதுத்தா. ஆஸ்பத்திரிக்குத் தூக்குவம்."

அவள் புருஷனுக்குப் போன் போட்டு என் காதில் வைத்தாள்.

"தெரியும்னு போட்டிருக்கீகளே! அதப் பாத்துத்தானம்மா உங்கள வச்சோம்."

"அது பொய்யி, தம்பி."

"எங்கப்பா உசுரு என்ன வெளாட்டா? முயற்சியாவது பண்ணுங்க!"

வாத்தியாருக்குக் கழுத்தெல்லாம் வியர்த்துக் கொட்டியது, கண் சொருகியது. போட்டுத்தான் பார்ப்போமா என்று என் கை டியூப்பை வாங்கிவிட்டது. நர்ஸுகள் டியூப் போட்டதும் வயிற்றுக்குள் போயிருக்கிறதா என்று சோதிப்பதைப் பார்த்திருக்கிறேன். தவறி நுரையீரலுக்குப் போனால் என் கஞ்சியே அவரைக் கொன்றுவிடும். டியூப்பைக் கீழே வைத்தேன்.

"ஆட்டோவக் கூப்புடுத்தா!"

ஆட்டோவில் போகையில் மூன்றாந்தல் சந்திப்பில் ஒரு பஸ் குறுக்கே நின்றது. "வாத்தியாரய்யா, வாத்தியாரய்யா" என்று கூப்பிட்டுக்கொண்டே போனேன். பதிலுக்கு வந்த முனகலும் பாதி வழியில் நின்றுவிட்டது. ஆஸ்பத்திரியில் இன்சுலின் போட்ட நேரத்தைச் சொன்னதும் குளுக்கோஸ் ஏற்றினார்கள். கண் திறக்கும்வரை நான் உட்காரவில்லை.

மகன் மறுபடி கூப்பிட்டார். "அப்பா பொழச்சாரு. ஆனா இனி நீங்க வர வேணாம்."

சரி என்றேன்.

3. மாற்றி எழுதியது

அதே வாரம் செல்வியிடம் போய் அந்தப் பொய் வரியை அழிக்கச் சொன்னேன். டியூப் வழியாகக் கொடுப்பேன், டியூப் போடமாட்டேன். ஊசி போடமாட்டேன். ஆளைத் தூக்க இன்னொருவர் கை வேண்டும். இப்படிச் சொல்லச் சொல்ல அவள் முகம் சுருங்கியது.

"மாட்டேன், மாட்டேன்னு போட்டா யாரு கூப்புடுவாக?"

"கூப்புடாட்டிப் போறாக. நீ போடு."

நான்கு மாதம் போன் வரவில்லை. பிறகு கடமலைக்குண்டிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டார். அவருடைய அம்மாவுக்கும் டியூப்தான். நான் எழுதியிருந்ததை வாசித்துவிட்டு, "அப்ப டியூப்புக்கு மட்டும் ஒரு நர்ஸுகிட்ட முன்னாடியே சொல்லி வச்சிர்றேன். நீங்க வாங்க" என்றார். அந்த அம்மாவைக் கடைசிவரை நான்தான் பார்த்தேன்.

அதனால் சொல்கிறேன். தெரியாததைத் தெரியும் என்று நீங்கள் எழுதினால், அந்த வரியை நம்பி ஒரு வீடு நர்ஸைத் தேடாமல் இருந்துவிடும்.

நான் சொன்னதை எழுதியது என் பேத்தி கயல்.

"ஏத்தா, மொதல்லருந்து வாசி. அழகா இருக்கட்டும்னு நீயா எதையும் சேத்திருந்தா, இப்பவே அடிச்சிரு."