ஜே எழுத்துக் காசுகள்

அண்ணனின் பையைக் கொண்டுவந்து கொடுத்தவர் கடலூர்ப் பக்கத்துக்காரர். இருவரும் ஒரே சரக்குக் கப்பலில் சமையல்கட்டில் வேலை பார்த்தவர்கள். ஹாம்பர்க் என்கிற ஜெர்மன் துறைமுகத்தில் ஒரு சாயங்காலம் கடைத்தெரு பார்க்க இறங்கிய அண்ணன் திரும்பி வரவில்லை, கப்பல் கிளம்பும்வரை தேடினோம், அந்த ஊர் போலீஸ் எழுதிக்கொண்டதோடு சரி என்றார். கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் பஸ் ஏறினார். பைக்குள் இரண்டு பேண்ட், ஒரு கம்பளிச் சட்டை, பிஸ்கட் டப்பா நிறையச் சில்லறைக் காசு.

இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்துகொண்டிருந்த காலம் அது. சாலையில் புளியமரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். கச்சிராயபாளையத்தில் எங்கள் தெருவிலேயே பல வீட்டில் ஆம்பிளைகள் இல்லை. பாதிப் பேர் மறியலில், எங்கள் அப்பாவையும் சேர்த்து மீதிப் பேர் போலீசுக்குப் பயந்து கரும்புக்காட்டில். படித்த பிள்ளைகளுக்கு வேலை வேண்டும் என்றுதான் அத்தனையும். எங்கள் அண்ணன் அதற்கெல்லாம் காத்திருக்காமல் கப்பலுக்குப் போனவன். கெட்டிக்காரன் என்று சொன்ன அதே வாய்கள்தான் இப்போது, அங்கே வெள்ளைக்காரி ஒருத்தியோடு ஓடிவிட்டான் என்றன. மறியல் இல்லாத நாளில் ஊருக்கு இது ஒன்றுதான் பேச்சு.

அம்மாவுக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது. வாயால் சொல்லமாட்டாள். யாரோடு இருந்தாலும் எங்கேயோ சோறு தின்றுகொண்டிருக்கிறான் அல்லவா. அண்ணிக்கு அதைக் கேட்கக் கேட்க உடம்பு கூசியது. தண்ணீருக்குப் போனால் குழாயடியில் பேச்சு நிற்கும். தாலி கழுத்தில் இருக்கிறது, ஆனால் அது எதற்கு இருக்கிறது என்று அவளுக்கே தெரியாது.

டப்பாக் காசுகளில் எழுத்து இருப்பதை முதலில் பார்த்தவள் அம்மாதான். ஒரு பெண் குனிந்து நாற்று நடுகிற படம் போட்ட காசு அவளுக்குப் பிடித்துப்போய், அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடுகளவு எழுத்து. என்னைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னாள். இங்கிலீஷ் ஜே. கழுகு போட்ட காசில் கழுகின் காலடியிலும் அதே ஜே. டப்பா முழுக்க ஜே.

அண்ணன் பேருக்கும் முதல் எழுத்து அதுதான். அம்மாவுக்கு இனி விளக்கம் தேவையில்லை. எங்கள் பக்கம் எவர்சில்வர் குடம் வாங்கினாலும் பித்தளைத் தவலை வாங்கினாலும் கடையிலேயே பேர் வெட்டிவிடுவோம். கல்யாண வீட்டுக்கு இரவல் போன பாத்திரம் பேரைப் பார்த்துத் திரும்பி வரவேண்டும். அவனும் வெட்டி வைத்திருக்கிறான், வந்து வாங்கிக்கொள்வான் என்றாள். காசில் அப்படி யாரும் வெட்டமுடியாது, எழுத்து பள்ளமாக இல்லை, மேடாக இருக்கிறது என்று காட்டினேன். காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நான் வெள்ளிமலையில் டீச்சர் வேலை பார்த்தேன். பள்ளிக்கூட அட்லஸில் ஜெர்மனியை விரித்துவைத்து ஜே எழுத்தில் ஊர் தேடினேன். ஒன்று கிடைத்தது, அது கிழக்கு ஜெர்மனியில் இருந்தது, அங்கே கடலும் இல்லை. ராஜா பேராக இருக்குமோ, மாதமாக இருக்குமோ என்று மண்டையை உடைத்துக்கொண்டேன். மலைப்பாதையில் பஸ் நின்றுபோய்க் கீழே இறங்கமுடியாமல் கிடந்த நாட்களில் எனக்கு வேறு வேலையும் இல்லை, தூக்கமும் இல்லை.

பஸ் விட்டதும் கள்ளக்குறிச்சிக்குப் போனேன். அங்கே மருந்துக்கடை வைத்திருந்த ஒருவர் வெளிநாட்டுக் காசு சேர்ப்பவர். அவர் முதலில் நம் ரூபாயைத்தான் எடுத்துக் காட்டினார். வருஷத்துக்கு அடியில் குட்டியாக ஒரு வைரம் மாதிரி இருந்தால் பம்பாயில் அடித்தது, நட்சத்திரம் என்றால் ஹைதராபாத். இத்தனை வருஷம் கையில் புழங்கிய காசை நான் பார்த்ததே இல்லை. மேற்கு ஜெர்மனியில் நாலு ஊரில் அடிக்கிறார்கள், ஊருக்கு ஓர் எழுத்து, ஜே என்றால் ஹாம்பர்க் என்றார்.

ஹாம்பர்க் என்றதும் எழுந்து நின்றுவிட்டேன். அங்கேதான் இருக்கிறான் என்று சொல்லுகிற மாதிரி இருந்தது. அவர் அதைக் கண்டுபிடித்திருக்க வேண்டும். எழுத்து காசு பிறந்த ஊரைத்தான் சொல்லும், யார் கையில் இருந்தது என்று சொல்லாது என்றார். அங்கே போய் வந்த ஒருவர் தனக்குக் கொடுத்த சில்லறையைக் கொட்டினார். டி, எஃப், ஜி, ஜே எல்லாம் கலந்து கிடந்தன.

வீட்டுக்கு வந்து அம்மாவையும் அண்ணியையும் உட்காரவைத்துச் சொன்னேன். அம்மா நம்பவில்லை. அண்ணி மட்டும் ஒன்று கேட்டாள்.

"அந்த ஊர்ல நாலு எழுத்துக் காசும் பொழங்குமா?"

"பொழங்கும் அண்ணி. எல்லாம் கலந்துதான் வரும்."

"அப்போ இதுல ஏன் வேற எழுத்தே இல்ல?"

கேட்டுவிட்டு அவளே டப்பாவை மடியில் எடுத்து ஒவ்வொன்றாகத் தடவினாள்.

"தன் எழுத்துன்னு பாத்துப் பாத்துப் பொறுக்கினு இருந்திருக்காரு. வூட்டுக்கு எடுத்தாந்து காட்டணும்னுதான். ஓடிப்போறவரு இதச் செய்வாரா? செஞ்சிட்டு, இத வுட்டுட்டுப் போவாரா? அவரு ஓடல. இன்னாவோ ஆயிட்டுது."

அப்போதுதான் அவள் முதல் தடவையாக வாய்விட்டு அழுதாள். பாவி, அந்த அழுகையில் ஒரு நிம்மதியும் இருந்ததை நான் கேட்டேன். தன்னை ஏமாற்றாத ஒரு புருஷனை அவள் அந்த நிமிஷம் திரும்பப் பெற்றிருந்தாள். காரியம் செய்ய நாள் பார்க்கும்படி அப்பாவிடம் சொல்லி அனுப்பியதும் அவள்தான். தெருவில் ஓடிவிட்டான் என்று பேசியவர்கள் எல்லாம் அன்றைக்கு அரிசியும் காய்கறியுமாக வந்து நின்றார்கள்.

அம்மா அழவில்லை. எல்லோரும் போன பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"ஓடிப்போனவனா இருந்தாலும் எனக்கு ஒரு புள்ள இருந்தான்டி. கள்ளக்குறிச்சி வரைக்கும் போயி அவனையும் இல்லாம ஆக்கினு வந்துட்டியே."