டைல்ஸுக்கு லைசென்ஸ்

காலுறையைக் கழற்றிச் சட்டைப்பையில் திணித்தாயிற்று. பேண்ட்டை முழங்கால்வரை மடித்துவிட்டாயிற்று. தோள்பையிலிருந்து சோப்புத் தண்ணீர் பாட்டிலை எடுத்து, கடையின் நடுவில் தரையில் கிடத்தியிருந்த டைல் மீது தாராளமாக ஊற்றிவிட்டு, இன்ஸ்பெக்டர் அதன்மேல் ஒற்றைக் காலில் ஏறி நின்றார். மறுகால் பின்னால் நீண்டது. பறக்கத் தயாரான கொக்கு என்று சொல்லியிருக்கலாம், கொக்குக்குத் தொப்பை இருந்தால்.

"சார், இது ஷோரூம். இங்க குளிக்கக் கூடாது" என்றாள் விற்பனைப் பெண்.

"குளிக்கலம்மா. டெஸ்ட் எடுக்கறேன்."

கால் அரை அங்குலம் நழுவியது. இன்ஸ்பெக்டர் இறங்கினார். டைலைப் பார்த்து, மரியாதை குறையாமல், "அடுத்த மாசம் வாங்க" என்றார்.

தொழில் பழக்கம். இருபத்தாறு ஆண்டுகளாக, வண்டி ஓட்டத் தெரியாதவர்களின் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து உயிரோடு திரும்பி வருவதுதான் அவர் உத்தியோகம். லைசென்ஸ் கேட்டு வருபவர் சாவியைத் திருப்புவதற்கு முன்பே இன்ஸ்பெக்டரின் கை ஹேண்ட் பிரேக்கின் மேல் போய் உட்கார்ந்துகொள்ளும். கண்ணாடி பார்க்காமல் திரும்பினால் ஃபெயில். அதிகம் பார்த்தாலும் ஃபெயில்: "வண்டி ஓட்ட வந்தீங்களா, தலை சீவ வந்தீங்களா?" பாஸ் என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்ததாகச் சரித்திரம் இல்லை. வண்டி நின்றதும் அந்தக் கை ஹேண்ட் பிரேக்கை விட்டு மேலே எழுந்தால் பாஸ். எழாவிட்டால் அடுத்த மாசம். ஊரில் பாதிப் பேருக்கு அவர் பெயர் தெரியாது. 'அடுத்த மாசம்' என்றால் வீட்டுக்கு வழி காட்டிவிடுவார்கள். அந்தக் கையும் சும்மா இருப்பதில்லை. முடிவெட்டும் நாற்காலியில் கத்தி காதருகே வந்தாலும் சரி, மனைவி கொதிக்கும் பாத்திரத்தோடு கூடத்தைக் கடந்தாலும் சரி, கீழே இறங்கிக் காற்றை இறுகப் பிடித்துக்கொள்ளும்.

இத்தனை கறாரான மனிதர், பதினான்கு ஆண்டுகளுக்கு முன் தன் வீட்டுக் குளியலறைக்கு டைல்ஸ் எடுத்தது ஏழே நிமிடத்தில். பளபளவென்று பச்சை. "முகம் தெரியுது பாரு!" என்று மனைவியைக் கூப்பிட்டு வேறு காட்டினார். அந்தப் பளபளப்பு பொறுமையாகக் காத்திருந்து, சென்ற மழைக்காலத்தில் மனைவியை வழுக்கி விழவைத்தது. இடது மணிக்கட்டில் முறிவு. மாவுக்கட்டுப் போட்ட டாக்டர், "எங்கம்மா விழுந்தீங்க?" என்றார்.

"எங்க வீட்டுக்காரர் முகம் பார்க்கற கண்ணாடியில டாக்டர்."

இன்ஸ்பெக்டர் சுவரில் மாட்டியிருந்த எலும்புப் படத்தை வெகு கவனமாகப் படித்தார்.

அதற்கு முன்பெல்லாம் அவர் மனைவிக்குக் குளியலறை ஓர் ஒலிபரப்பு நிலையம். தண்ணீர்ச் சத்தத்துக்கு மேலே குரல் வரும்: அடுப்பு, பூட்டாத கதவு, மகள் காயப்போடாத துணி, கொழுந்தனார் வாங்கிப்போய்த் திருப்பித் தராத ஏணி. வெளியே நாற்காலியில் பேப்பரோடு இருக்கும் இன்ஸ்பெக்டர் நிகழ்ச்சிக்கு ஒரு "ம்" வீதம் பதில் கொடுப்பார். கட்டுப் பிரித்த பிறகு நிலையம் மூடப்பட்டது. ஒரு கை சுவரில், கண் தரையில், வாய் இறுக மூடி, அடிமேல் அடி வைத்துக் குளித்தாள் அந்த அம்மாள். நான்கு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, அவரே கதவருகே போய், "ஏம்மா, அடுப்ப அணைக்கணுமா?" என்று எடுத்துக் கொடுத்தார்.

"பேச்சு குடுக்காதீங்க. கவனம் தப்புது" என்று பதில் வந்தது.

மறுநாளே மேஸ்திரியை வரவழைத்துப் பச்சை டைல்ஸை உடைக்கச் சொல்லிவிட்டார். புதியதைத் தேர்ந்தெடுத்துவிட்டு உடைக்கலாம் என்ற யோசனை உடைத்த பிறகு வந்தது. அன்றிலிருந்து குடும்பம் வாளி, துண்டு, சோப்புப் பெட்டி சகிதம் காலைதோறும் மாடிப்படி ஏறுகிறது. மாடி வீட்டுப் பல் டாக்டர் முதல் வாரம், "மெதுவா முடிங்க சார், நம்ம வீடு மாதிரி நெனச்சுக்கோங்க" என்றார். மூன்றாம் வாரம், தன் வீட்டில் தானே வரிசையில் நின்றுகொண்டு, தோளில் துண்டோடு, "டைல்ஸ் பார்த்தாச்சா சார்?" என்று மட்டும் கேட்டார்.

பார்த்தாயிற்று. பதினொன்று தேறி, மாதிரிக்காக வீட்டுக்கு வந்திருந்தன. கடையில் அவற்றுக்கு அதிகாலைப் பனி, ஈர மணல், தூங்கும் யானை என்றெல்லாம் பெயர்.

"எல்லாம் சாம்பல் கலர்தானேம்மா?" என்று கேட்டார்.

"சாம்பல்னு ஒரு கலரே எங்ககிட்ட இல்ல சார்" என்றாள் விற்பனைப் பெண், சற்றே புண்பட்டு.

பின்கட்டில் அவற்றை வரிசையாகப் பரப்பி, ஒன்று முதல் பதினொன்று வரை காகிதத்தில் எண் எழுதி முதுகில் பசை தடவி ஒட்டி, மூன்று வாரம் தேர்வு நடத்தினார். சோப்புத் தண்ணீர், எண்ணெய், ஷாம்பு, கடைசியாகத் திடீர்த் திருப்பம்.

"அப்பா, பாத்ரூம்ல யாரும் யூ டர்ன் போட மாட்டாங்க" என்றாள் கல்லூரிக்குப் போகும் மகள்.

"நீ போடுவ. துண்ட மறந்துட்டுத் திரும்பி ஓடுவ."

நான்காம் எண் முதல் நாளே காணவில்லை. மதிப்பெண் தாளில் அதற்கு நேரே 'ஆப்சென்ட்' என்று எழுதிவிட்டார். தேர்வுக்கு வராதவரைத் தேடிக்கொண்டு போவது அலுவலக வழக்கமில்லை.

புதன்கிழமை முடிவு வெளியானது. ஏழாம் எண், நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு. மேஸ்திரியைக் கூப்பிட்டு, சற்று நாடகத் தோரணையோடே, தேர்வு முடிந்து கலைத்து அடுக்கியிருந்தவற்றில் ஒரு டைலைத் திருப்பினார். முதுகில் எண் இல்லை. அடுத்ததிலும் இல்லை. மூன்று வாரச் சோப்புத் தண்ணீரில் எண்கள் ஊறிக் கரைந்து, சாக்கடை வழியாக என்றைக்கோ ஊரைவிட்டே போயிருந்தன. பத்து சாம்பல் டைல்களும் ஒன்றுபோல அவரைப் பார்த்தன.

"ஏழு எது சார்?" என்றார் மேஸ்திரி.

"மறுபடியும் முதல்லேர்ந்து டெஸ்ட் வைக்கணும். ஒரு மூணு வாரம்."

"திங்கக்கிழமை நான் வேற வேலைக்குப் போறேன் சார்." மேஸ்திரி தொண்டையைச் செருமிக்கொண்டார். இன்ஸ்பெக்டரிடம் மூன்று தடவை ஃபெயிலானவர் அவர். "அதுக்கப்புறம்னா... அடுத்த மாசம் வாங்க."

அந்த வாக்கியத்தை அவ்வளவு இனிமையாக யாரும் சொல்லி இன்ஸ்பெக்டர் கேட்டதில்லை.

அப்போது சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது. "இங்க கொஞ்சம் வாங்க."

கழுவுதொட்டியின் முன்னே, ஒழுகும் குழாயின் சொட்டெல்லாம் விழுந்து ஈரமாகிக் கிடந்த தரையில், ஒரு சாம்பல் டைல். அதன்மேல் அவள் வெறுங்காலோடு நின்று பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"நாலாம் நம்பர்!" என்றார் இன்ஸ்பெக்டர், தலைமறைவாக இருந்தவரைப் பிடித்துவிட்ட குரலில்.

"நம்பரெல்லாம் தெரியாது. தரை ஈரமா இருந்துச்சு, எடுத்துப் போட்டுக்கிட்டேன். மூணு வாரமா இது மேலதான் நிக்கறேன். எண்ணெய் சிந்துச்சு, சோப்பு சிந்துச்சு. ஒரு தடவகூட வழுக்கல. இதையே போடச் சொல்லுங்க."

"இது டெஸ்ட்டே எழுதலயேம்மா! மார்க்கே இல்லையே!"

"மார்க்க நீங்க வெச்சுக்கோங்க. விழுந்தது நானு."

மேஸ்திரி ஜன்னல் வழியே வானிலையைக் கவனித்தார். இன்ஸ்பெக்டர் மதிப்பெண் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அந்த டைலைக் கழுவித் துடைத்து, கைக்குழந்தையைப் போல் ஏந்திக் கடைக்குப் போனார். "தூங்கும் யானை சார். நல்ல சாய்ஸ்" என்றாள் விற்பனைப் பெண். பதினொன்றுக்கும் அவள் இதைத்தான் சொல்லியிருந்தாள்.

ஞாயிறு மாலை வேலை முடிந்தது. மூன்று நாள் காயவிட்டு, வியாழன் காலை மனைவி வாளியோடு புறப்பட்டாள். போகிற போக்கில் அவர் தோள்பையைத் திறந்து சோப்புத் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டாள். "முன்னாடி போய் ஊத்தி வைக்கற வேலையெல்லாம் வேண்டாம்." தாழ்ப்பாள் விழுந்தது.

இன்ஸ்பெக்டர் தன் நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு கையில் பேப்பர். மறுகை நாற்காலியின் பக்கவாட்டில் இறங்கிக் காற்றைப் பிடித்துக்கொண்டது.

"அப்பா, அம்மா குளிக்கத்தான் போயிருக்காங்க. மலைப்பாதையில ஏறல" என்றாள் மகள்.

உள்ளே குழாய் திறந்தது. முதல் குவளை. இரண்டாவது. சோப்புப் பெட்டி திறக்கும் சத்தம். பிறகு சத்தமே இல்லை. பேப்பரில் ஒரே வரியை அவர் ஐந்து தடவை படித்தார். மூன்றாவது குவளை தடாலென்று கொட்டியது.

"என்னங்க! அடுப்ப அணைச்சீங்களா? அந்தக் குழாய சரி பண்ணச் சொல்லி எத்தன நாளாச்சு, காதுல விழுந்துச்சா? உங்க தம்பி ஏணிய எடுத்துட்டுப் போனாரே..."

"ம்" என்றார் இன்ஸ்பெக்டர், பக்கத்தைத் திருப்பியபடி. நாற்காலியின் பக்கவாட்டில், காற்றை இறுகப் பிடித்திருந்த கை விரிந்து மெல்ல மேலே எழுந்தது.