மாமியார் ஏற்றாத ஊதுவத்தி

அத்தான் இறந்த பிறகு வந்த முதல் செங் பெங் அன்று, அக்காவை ரவாங்கில் உள்ள அஸ்திக் கூடத்துக்கு நான்தான் காரில் அழைத்துப் போனேன். சீனர்கள் தங்கள் குடும்பத்தில் இறந்தவர்களுக்குச் சோறு படைத்துக் கும்பிடும் நாள் அது. அத்தான் சீனர். தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டிருக்கும்போதே மாரடைப்பில் போய்விட்டார். பிள்ளைகள் இல்லை.

நெடுஞ்சாலை ஓரத்தில் அலுவலகம் போலிருந்தது அந்தக் கட்டடம். லிஃப்ட், சுவர் முழுக்க எண் போட்ட மாடங்கள், புகையை இழுக்கப் பெரிய விசிறிகள். அத்தானின் மாடத்துக்கு முன்னால் அவருடைய அம்மா ஏற்கெனவே நின்றிருந்தார். பத்தாங் பெர்ஜுந்தாயில் மளிகைக்கடை வைத்து, ரப்பர் தோட்டத்துத் தமிழ்ச் சனங்களிடம் பேசிப் பேசியே தமிழ் கற்றவர். அந்தத் தமிழில் என் அக்காவிடம் மட்டும் அவர் பேசியதில்லை. கல்யாணத்துக்கும் வரவில்லை. மகனின் சாம்பலைத் தங்கள் வழக்கப்படி வைக்க வேண்டும் என்று ஆள் மூலம் சொல்லியனுப்பினார். அக்கா மறுக்கவில்லை.

அவித்த கோழி, ஆரஞ்சு, சோறு எல்லாம் பரப்பி வைத்திருந்தார். ஊதுவத்திக் கட்டு மட்டும் பிரிக்காமல் இருந்தது. அதை அக்காவிடம் நீட்டினார்.

"நீ ஏத்து. பெத்தவ பிள்ளைய கும்பிடக் கூடாது லா. எங்க வழக்கம்."

நாங்கள் கிறிஸ்தவர்கள். ஊதுவத்தியைத் தொடாமல் வளர்ந்தவர்கள். அக்கா என்னைப் பார்த்தாள். அவள் வாங்கி ஏற்றினாள். என்ன சொல்ல வேண்டும் என்று மெதுவாகக் கேட்டாள்.

"சாப்பிடச் சொல்லு. நீ சொன்னாதானே கேப்பான்."

சற்று நேரம் கழித்து இரண்டு காசுகளைக் கொடுத்துத் தரையில் போடச் சொன்னார். ஒன்று தலையும் ஒன்று பூவுமாக விழுந்தால் இறந்தவர் சாப்பிட்டு முடித்துவிட்டார் என்று பொருளாம். இரண்டும் ஒரே பக்கமாக விழுந்தன. மறுபடியும் அப்படியே. பக்கத்துக் குடும்பங்கள் படையலை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டன. கோழியில் ஈ மொய்த்தது.

"கோவமா இருக்கான்," என்றார் மாமியார்.

அக்கா தரையிலேயே உட்கார்ந்து அழுதாள். சாவு வீட்டில்கூட அவள் அப்படி அழவில்லை.

"யார் மேல கோவம் அத்தை?"

மாமியார் சிரமப்பட்டுக் குனிந்து, காசுகளைப் பொறுக்கி அக்காவின் கையில் வைத்தார். அந்த முறை ஒன்று தலையும் ஒன்று பூவுமாக விழுந்தது. உடனே சோற்றைக் கட்டி எடுத்துக்கொண்டார். வீட்டுக்கு வரச்சொல்லி அக்கா கூப்பிட்டாள். தலையை மட்டும் அசைத்து மறுத்துவிட்டு, வாடகைக் காரில் ஏறிப் போய்விட்டார்.

அடுத்த ஆண்டு மாமியார் சொந்தக்காரப் பெண் ஒருத்தியை அழைத்து வந்திருந்தார். ஊதுவத்தியை அக்காவுக்குப் பதிலாக அவள் ஏற்றினாள். அக்கா எல்லாருக்கும் பின்னால், லிஃப்ட் கதவோரம் நின்றாள். போகலாமா என்று நான் கேட்டதற்கு, உன் அத்தான் சாப்பிட்டு முடிக்கட்டும் என்றாள்.