நான் எழுதிக் கொடுத்த ராஜினாமா

டெல்லியில் எங்களைப் போன்ற மதராஸி ஸ்டெனோக்களுக்கு ஒரு திமிர் உண்டு. ஹிந்தியில் தக்காளி வாங்கத் திணறுவோம். இங்கிலீஷில் கடிதம் எழுதச் சொன்னால் தலை நிமிர்ந்துவிடும். எனக்கு அந்தத் திமிர் கொஞ்சம் கூடுதல்.

எழுபதுகளின் கடைசி. நான் வேலை பார்த்த தனியார் கம்பெனி முதலாளி ஒருநாள் என்னைக் கூப்பிட்டார். டைப் அடிக்கும் நாங்கள் நால்வரும் இனி சம்பள ஆட்கள் இல்லையாம், காண்ட்ராக்டில் பக்கத்துக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொள்ளலாமாம். அதற்குமுன் எல்லோரும் ராஜினாமா கொடுக்க வேண்டும். “அச்சா லெட்டர் பனாவோ, பாபு”, நல்லதாக ஒரு கடிதம் தயார் செய் என்று என் தோளைத் தட்டினார்.

இரண்டு வரி போதும். நான் ஒரு பக்கம் எழுதினேன். யாருடைய வற்புறுத்தலும் இன்றி, முழுமனதோடு, சொந்தமாகத் தொழில் செய்ய விரும்பி விலகுகிறேன் என்று ஜோடித்தேன். அதையே நால்வருக்கும் பெயரை மட்டும் மாற்றி அடித்தேன்.

நால்வரில் ஒருத்தி திருநெல்வேலிப் பெண். எட்டு வருஷ சர்வீஸ். மோதி பாகில், அண்ணனுடைய சர்க்கார் குவார்ட்டர்ஸில் அம்மாவோடு இருந்தாள்.

“இதுல வில்லங்கம் ஒண்ணும் இல்லையே, அண்ணாச்சி?”

“நான் எழுதினதும்மா. கையெழுத்துப் போடு.”

படிக்காமலே போட்டாள்.

ஆறு மாதத்தில் அவளுக்கு வேலை வருவது நின்றுபோயிற்று. அந்த நேரம் பார்த்து அண்ணனுக்கு மாற்றல் வந்து, குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டியதாயிற்று. ஜனக்புரியில் ஓர் அறை பார்த்து வைத்திருந்தாள், அட்வான்ஸுக்கு வழியில்லை. ஆட்குறைப்பு செய்தால் கம்பெனி நஷ்டஈடு தர வேண்டும் என்று கேள்விப்பட்டு லேபர் ஆபீசில் மனுக் கொடுத்தாள். தானாக விலகியவர்களுக்கு அது கிடையாது என்றார்கள். முதலாளி கேட்டுத்தான் கடிதம் கொடுத்தார்கள் என்று யாராவது சாட்சி சொன்னால் பார்க்கலாம் என்றார்கள். என்னைக் கூப்பிட்டாள். சொல்ல வேண்டும் என்றுதான் போனேன். பஸ்ஸில் வாக்கியங்களைக்கூட மனதுக்குள் சரிபார்த்துக்கொண்டேன்.

அதிகாரி கடிதத்தை இரண்டு முறை படித்தார். “யாருடைய டிராஃப்ட்? ரொம்ப நன்றாக இருக்கிறதே” என்று இங்கிலீஷில் கேட்டார்.

“என்னுடையது, சார்.”

சொல்லும்போது நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இன்று நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

“முதலாளி கட்டாயப்படுத்தினாரா?”

முதலாளி எனக்கு எதிரேதான் உட்கார்ந்திருந்தார். எனக்கு மட்டும் அவர் வேலை கொடுப்பதை நிறுத்தவில்லை. அன்று காலையில்கூட ஒரு கட்டுக் காகிதம் வந்திருந்தது.

“கட்டாயம் என்று சொல்ல முடியாது, சார்.”

அதிகாரி அதை எழுதிக்கொண்டு ஃபைலை மூடினார். அவளுக்கும் இங்கிலீஷ் தெரியும். என் பக்கம் திரும்பாமல் எழுந்து வந்தாள்.

திரும்பும்போது பஸ்ஸில் நான் சட்டைப்பையைத் தடவுவதற்குள் அவள் முந்திக்கொண்டு இரண்டு டிக்கெட் வாங்கிவிட்டாள்.

“இருக்கட்டும் அண்ணாச்சி. எனக்காவத்தான வந்திய.”

குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் தேவலை. ஒரு டிக்கெட்டை என்னிடம் நீட்டினாள். நான் வாங்கிக்கொண்டேன்.