கார்மேகம் எடுத்த கோப்பை

கார்மேகம் அரபு நாட்டுக்கு வந்து இருபத்து மூன்று வருஷம் ஆகிறது. கமுதிப் பக்கத்து ஆள். வந்த நாள் முதல் ஒரே வேலை: கஹ்வா என்கிற அரபுக் காப்பியை ஊற்றுவது. இடது கையில் மூக்கு நீண்ட பித்தளைக் கூஜா. வலது கையில் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய, பிடியில்லாத சின்னக் கோப்பைகள். ஊரில் யாராவது கேட்டால் அவர் மனைவி நாகவள்ளி, "ஓட்டல்ல சூப்பர்வைசர்" என்பாள். அவர் அதைத் திருத்தியதில்லை.

முதல் எட்டு வருஷம் அல் ஐன் பக்கம் ஒரு பெரிய வீட்டில் இருந்தார். வருகிறவர்கள் உட்கார்ந்து பேசுவதற்கென்றே அங்கே நீளமான கூடம் ஒன்று உண்டு. கோப்பையைப் பாதிக்கு மேல் நிரப்பினால் விருந்தாளியைக் கிளம்பச் சொல்வதாக அர்த்தம் என்பதை அங்கேதான் படித்தார். குடித்துவிட்டுக் கோப்பையை லேசாக ஆட்டிக் கொடுத்தால் போதும் என்று அர்த்தம். ஆட்டாத வரை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

மூன்றாவதாக ஒன்றையும் அங்கே பார்த்தார். ஒரு நாள் வெளியூர்க்காரர் ஒருவர் வந்தார். அவர் மகன் ஓட்டிய வண்டி மோதி அந்த வீட்டுக்காரரின் தம்பிக்குக் கால் போயிருந்தது. வந்தவர் கார்மேகம் கொடுத்த கோப்பையை வாங்கி, குடிக்காமல் தன் முன்னால் தரையில் வைத்தார். கூடத்தில் பேச்சு நின்றது. வீட்டுக்காரர் வெகுநேரம் அந்தக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "குடியுங்கள். கேட்க வந்தது கொடுக்கப்பட்டது" என்றார். அதற்குப் பிறகுதான் அந்த மனிதர் கோப்பையைத் தொட்டார். என்ன கேட்டார் என்று அவர் வாய் திறந்து சொல்லவேயில்லை.

கோரிக்கை உள்ளவர் குடிக்க மாட்டார். அவரைக் குடிக்க வைப்பது வீட்டுக்காரர் பொறுப்பு. அதுவரை அந்தக் கோப்பையை யாரும் தொடக் கூடாது.

பிறகு அபுதாபியில் ஒரு பெரிய ஓட்டலுக்கு வந்தார். அங்கே மாநாட்டுக் கூடத்தில் டூட்டி. ஓட்டலின் சட்டம் வேறு. ஆறிய கோப்பை மேஜையில் ஐந்து நிமிஷத்துக்கு மேல் நின்றால் அது ஊற்றுகிறவனின் குற்றம். எடுத்துவிட்டுப் புதிதாக ஊற்ற வேண்டும். பதினைந்து வருஷத்தில் இரண்டு சட்டமும் மோதிக்கொள்ள வேண்டி வந்ததில்லை. ஓட்டலுக்கு வருகிறவர்கள் கோப்பையை மறந்து வைப்பார்களே தவிர, நினைத்து வைப்பதில்லை.

அந்த வருஷம் ஏப்ரலில் பக்கத்துப் பக்கத்து நாடுகளின் பாதுகாப்பு அதிகாரிகள் அந்தக் கூடத்தில் கூடினார்கள். ஆறு நாடுகள், நீள்வட்ட மேஜை. தலைமை அந்த முறை வேறொரு நாட்டுக்கு; இடம் மட்டும் இங்கே. மேஜைக்கு எதிரே சுவர் அகலத்துக்கு ஒரு திரை வைத்திருந்தார்கள். கடல் தாண்டியிருக்கும் பெரிய நாட்டின் அதிகாரி அதில் தோன்றிப் பேசுவார் என்று சொன்னார்கள். வேலைக்காரர்கள் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினார்கள், உள்ளே கேட்டதை வெளியே சொல்வதில்லை என்று. எந்த நாட்டுக்காரர் எங்கே உட்கார்ந்தார், யார் என்ன சொன்னார் என்பதைக் கார்மேகம் இன்றுவரை சொல்வதில்லை.

காலையில் பேன்ட்ரியில் ஏலக்காயும் குங்குமப்பூவும் கொதிக்கிற வாசனை. கூட ஊற்றும் ரிஷி சென்னைக்காரன், வாய் சும்மா இருக்காது.

"அண்ணே, ஆறு பேரு வீட்ல உக்காந்துக்கிட்டு, ஏழாவது ஆளு எப்ப வருவான்னு திரையப் பாக்கிறாங்க. எங்க தெருவுல மெட்ரோ வாட்டர் லாரிக்கு இப்படித்தான் குடத்த வரிசையா வச்சுட்டு உக்காந்திருப்போம்."

"லாரி வருமா?"

"வரும். நம்ம தெருவுக்கா, அடுத்த தெருவுக்கான்னுதான் தெரியாது."

கார்மேகம் சிரிக்கவில்லை. அவர் மகன் வீரபாண்டி, அந்த ஆறில் சின்ன நாடு ஒன்றில் இரண்டு வருஷமாக இருக்கிறான். கடல்தண்ணீரைக் குடிதண்ணீராக்குகிற ஆலையில் வேலை. ட்ரோன் பயத்தில் வளைகுடாவில் எல்லோரும் வானத்தை அண்ணாந்து பார்க்க ஆரம்பித்திருந்த மாதம் அது. மகனை அங்கிருந்து எடுத்துத் தன் ஓட்டலுக்கே கொண்டுவந்துவிட வேண்டும். அவர் மனதில் அது ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. கீழக்கரை முகம்மது யூசுப் அந்தக் கூடத்துக்கு மேற்பார்வை. வயதில் சின்னவர். விசா அவர் சொல்லில் இருந்தது.

"கார்மேகண்ணே, எல்லாம் எழுதிக் குடுத்துட்டேன். ஜிஎம் கையெழுத்து ஒன்னுதான் பாக்கி" என்றார் யூசுப். "மீட்டிங் நல்லபடியா முடியட்டும். நாளைக்கே வாங்கித் தர்றேன். எதுலயும் சொதப்பிப் போடாதீய."

"யூசுப் பாய், எங்கையில எப்ப சொதப்பிருக்கு?"

"அதுனாலதான் உங்கள முன்வரிசைக்குப் போட்டிருக்கேன்."

பதினோரு மணிக்குப் பெரிய நாட்டு அதிகாரி திரையில் வர வேண்டும். வரவில்லை. நீல நிறத்தில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. அந்த இடைவெளியில் வீரபாண்டி இருக்கிற சின்ன நாட்டின் சார்பில் வந்த கிழவர் பேசினார். வெள்ளைத் தாடி, தடித்த கண்ணாடி. மற்றவர்கள் தாள் வைத்துக்கொண்டு பேசினார்கள். அவரிடம் தாள் இல்லை. புத்தக அரபி கார்மேகத்துக்குப் பாதிதான் புரியும். ஆனால் நடுவில் 'தஹ்லியா' என்ற சொல் வந்தது. வீரபாண்டியின் அடையாள அட்டையில் இருக்கிற சொல். தண்ணீர் ஆலை. கார்மேகத்தின் காது அங்கே போய் நின்றது.

கிழவர் கேட்டது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. எங்கள் ஆலைக்கு மேலே வானம் திறந்து கிடக்கிறது. உங்கள் ரேடார் பார்ப்பதை அதே நொடியில் எங்களுக்கும் காட்டுங்கள். தடுக்கிற ஏவுகணை வண்டிகளில் இரண்டை எங்கள் கரையில் நிறுத்துங்கள். நாளை உங்கள் கரைக்கு ஆபத்து என்றால் எங்கள் பிள்ளைகள் வந்து நிற்பார்கள். நாம் ஆறு பேரும் ஒரே கடலைத்தானே குடிக்கிறோம். இதற்கு ஏன் ஏழாவது ஆளைக் கேட்க வேண்டும்?

கூட்டத் தலைவர் கைபேசியிலிருந்து நிமிர்ந்தார். "நல்ல யோசனை. நம் பெரிய நண்பர் இதோ வந்துவிடுவார். அவர்களுடைய போர்க்கப்பல் இருக்கிறது. அவர்களைக் கேட்காமல் நாமாக எதையாவது செய்தால் நம்மை என்ன நினைப்பார்கள்?"

மேஜையைச் சுற்றித் தலைகள் ஆடின.

கார்மேகம் அப்போதுதான் ஊற்றிக்கொண்டு கிழவரிடம் வந்திருந்தார். கிழவர் கோப்பையை வாங்கினார். வலது கையில் பிடித்து, தலைவரை நேராகப் பார்த்தார். பிறகு குடிக்காமல் மேஜையில் தன் முன்னால் வைத்தார். கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

கார்மேகத்துக்கு அல் ஐன் வீட்டுக் கூடத்தில் நிற்பதுபோல இருந்தது. மேஜையில் இன்னும் இரண்டு மூன்று பேருக்குப் புரிந்துவிட்டது. அவர்கள் கோப்பையைப் பார்த்தார்கள், தலைவரைப் பார்த்தார்கள். தலைவர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது.

ஒரு நிமிஷம். ஐந்து நிமிஷம். கோப்பையிலிருந்து ஆவி எழுவது நின்றது. தலைவருக்கு வலப்பக்கம் இருந்தவர் அவர் பக்கம் குனிந்து காதில் ஏதோ சொன்னார். தலைவர் முகம் திரும்பத் தொடங்கியது. அது கார்மேகத்துக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

கதவோரம் நின்ற யூசுப் கண்ணால் காட்டினார். அந்தக் கோப்பையை. கார்மேகம் அசையவில்லை. யூசுப் விரலால் காட்டினார், எடு என்று. அவர் முகத்தில் கோபம்கூட இல்லை. கார்மேகத்தை முன்வரிசையில் போட்ட தான் தலைகுனிய வேண்டியிருக்குமே என்கிற தவிப்புதான் இருந்தது. கீழக்கரைக் கடைவீதியில் வளர்ந்தவருக்கு அந்தக் கோப்பை ஆறிப்போன கோப்பை, அவ்வளவுதான்.

ஜிஎம் கையெழுத்து. வீரபாண்டி. கார்மேகம் குனிந்தார். கோப்பையை எடுத்தார். புதிய கோப்பையில் ஊற்றி நீட்டினார்.

கிழவர் அண்ணாந்து அவர் முகத்தைப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை. நீட்டிய கோப்பையைத் திருப்பி அனுப்புவது மரியாதையில்லை. வாங்கினார். சிறிது நேரம் கையில் வைத்திருந்தார். குடித்தார்.

தலைவர் முகம் திரும்பியபோது அங்கே குடித்து முடித்த ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார். அதே நேரம் திரையும் விழித்துக்கொண்டது. எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பெரிய நாட்டு அதிகாரி சிரித்தபடி, தாமதத்துக்கு மன்னிக்க வேண்டும், வேறொரு கடலில் அவசரம் என்றார்.

பேன்ட்ரியில் யூசுப் தோளில் தட்டினார். "ஏன் மரம் மாதிரி நின்னுட்டீய? பயந்தே போனேன்."

"அவரு கேக்குறதுக்காக வச்ச கோப்பை பாய்."

"எதைக் கேக்க?"

கார்மேகம் சொல்ல வாயெடுத்தார். சொன்னால் தான் எடுத்தது தப்பென்று ஆகும். "ஒன்னுமில்ல" என்றார்.

ஏழு வாரம் கழித்து, விடியற்காலையில், கடலை ஒட்டித் தாழ்வாக ட்ரோன்கள் வந்தன. சின்ன நாட்டின் தண்ணீர் ஆலையில் இரண்டு விழுந்தன. ராமையா செத்துப்போனார். வீரபாண்டியின் அறைத்தோழர், அவனுக்கு இரண்டு வருஷமாகச் சோறு வடித்துப் போட்ட மனிதர். வீரபாண்டி பத்தடி தள்ளி இருந்தான். வலது காது கேட்காமல் போய்விட்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து போன் பேசினான். கத்திப் பேசினான், தன் குரல் அவனுக்கே சரியாகக் கேட்கவில்லை.

"பக்கத்து நாட்டு ரேடார்ல முன்னாடியே தெரிஞ்சுருச்சாம்ப்பா. பதினோரு நிமிஷமாம். எங்களுக்குச் சொல்லலாமா வேணாமான்னு யாரையோ கேட்டுக்கிட்டு இருந்தாங்களாம். இங்க எல்லாரும் அதத்தான் பேசிக்கிறாங்க. பதினோரு நிமிசத்துல ராமையாண்ண நடந்தே வெளிய வந்திருப்பாருப்பா."

"ம்."

"நீ அந்தப் பெரிய ஆளுகளுக்குத்தான காப்பி குடுக்குற. ஒன்னுமே பேசிக்கிட மாட்டாங்களா இதையெல்லாம்?"

"நமக்கு எங்கப்பா புரியுது" என்றார் கார்மேகம்.

பெரிய நாட்டின் கப்பல் அந்த வாரம் வேறொரு கடலில் இருந்தது. இரங்கல் தெரிவித்திருந்தார்கள். ஜிஎம் கையெழுத்து வாரக்கணக்கில் இழுத்தாலும் யூசுப் சொன்ன சொல் தவறவில்லை. ட்ரோன் விழுந்த ஒன்பதாம் நாள் விசாத் தாளைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார், தலையைக் குனிந்துகொண்டே. அப்போது வீரபாண்டி ஊருக்குப் போகிற விமானத்தில் இருந்தான்.

ரிஷியிடம் மட்டும் ஒரு நாள் அந்தக் கோப்பையைப் பற்றிச் சொன்னார், வேலையாட்கள் தங்கும் முசஃபா கேம்ப்பில் வேட்டி துவைத்துக்கொண்டிருக்கையில்.

ரிஷி சோப்பைக் கீழே வைத்தான். "அண்ணே, ரேடாரும் ராக்கெட்டும் வச்சிருக்கிறவன் முடிவு பண்ற விஷயம். நீ ஒரு கோப்பைய எடுத்ததுலயா நடந்துச்சு? விட்டிருந்தா மட்டும் அந்தாளு சரின்னு சொல்லியிருப்பானா?"

"சொல்லாமலும் போயிருக்கலாம்."

"அப்புறம்?"

"திரும்புனாரு ரிஷி. அவரு மூஞ்சி திரும்புச்சு."

நவம்பரில் அதே கூடத்தில் அதே ஆறு நாடுகளும் மறுபடி கூடின. இந்த முறை திரை இல்லை. சுவரில் அதை மாட்டியிருந்த துளைகளை அடைத்துப் புதிதாகச் சாயம் பூசியிருந்தார்கள். யாரையும் கேட்காமல் ஆறு பேரும் ரேடார்களைப் பிணைத்துக்கொள்ள ஓர் ஒப்பந்தத் தாள் தயாராக இருந்தது. கிழவர் ஏப்ரலில் தாளில்லாமல் சொன்னது, இப்போது தோல் உறை போட்ட கோப்பில் ஆறு பிரதியாக மேஜையில் கிடந்தது. தலைவர் அதைப் படித்தார். குரல் நன்றாக எடுபட்டது.

கார்மேகம் கூஜாவோடு நின்றார். காலையிலேயே முடிவு செய்திருந்தார். கிழவர் கோப்பையை வைத்தால் இந்தத் தடவை யார் கண்ணைக் காட்டினாலும் தொடப்போவதில்லை. வேலை போனால் போகட்டும். ஒரு மணி நேரம் ஆறட்டும், நாள் முழுக்க ஆறட்டும்.

கிழவரிடம் வந்தார். ஊற்றினார். நீட்டும்போது ஒரு சொட்டு சிந்தியது. இருபத்து மூன்று வருஷத்தில் முதல் தடவை.

கிழவர் வாங்கினார். உடனே குடித்தார். ஒரே மடக்கு. ஆட்டித் திருப்பிக் கொடுத்தார்.

கார்மேகம் கோப்பையை வாங்கிக்கொண்டு நகராமல் நின்றார். கிழவர் நிமிர்ந்து பார்த்தார். கண்ணாடிக்குள் கண்கள் அவரை அடையாளம் கண்டுகொண்டன.

"அன்றைக்கு எடுத்தது நீதானே?"

"ஆமாம் ஐயா."

கிழவர் மேஜை மேலிருந்த தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு பேனாவைத் திறந்தார்.

"ஆறித்தான் போயிருந்தது" என்றார்.

அடுத்தவர் கஹ்வாவுக்காகக் கையை நீட்டிக்கொண்டிருந்தார். கார்மேகம் அவருக்கு ஊற்றப் போனார்.