ஆர்வில் ஸ்டப்ஸின் இடது கால்

ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத ஆர்வில் ஸ்டப்ஸ், கலிபோர்னியாவின் பல்போவா தீபகற்பத்தில் தன் கையால் நூற்றுப் பதினான்கு படகுகள் கட்டினார். ஒன்றுகூட மூழ்கியதில்லை. மூழ்கிய ஒன்று, வாங்கியவனின் குற்றம். படகுகளுக்கு அடுத்தபடியாக அவர் உரிமை கொண்டாடியது, ஜோடி ஒட்டிக்கொண்டு காலைத் தரையில் தேய்த்து ஆடும் பல்போவா நடனத்தை. அதை முதன்முதலில் ஆடியவர் தாம்தான் என்று முடிதிருத்துபவரிடம் சொன்னார், மீன்கடையில் சொன்னார், பல் பிடுங்கிய இடத்தில் வாயில் பஞ்சோடும் சொன்னார். இதையே சொல்லும் கிழவர்கள் தீபகற்பத்தில் இன்னும் இருவர் இருந்ததுதான் சங்கடம்.

பெலிகன் நடன மண்டபத்தின் வாசலில் பித்தளைப் பலகை பதிக்கப்போவதாக நகர வரலாற்றுக் கழகம் அறிவித்தபோது மூவருக்கும் சோறு இறங்கவில்லை. முதலில் ஆடியவரின் பெயர் பலகையில் வரும். ஆனால் கண்ணால் பார்த்த சாட்சி வேண்டும். மற்ற இருவரின் சாட்சிகளும் கல்லறைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஆர்வில்லின் சாட்சியோ அடுப்படியில் மாவு பிசைந்து ஆப்பிள் பை என்ற பலகாரம் செய்துகொண்டிருந்தாள்: நாற்பத்தொரு வருஷ மனைவி லோரீன்.

"லோரீன், என் கண்ணுல்ல, அந்தக் கழகத்து அம்மா வந்து கேட்டா ஆமான்னு மட்டும் சொல்லிடு."

"நடந்ததைச் சொல்றேன்."

"அதைத்தான் வேணாங்கிறேன்!"

கழகத்து ஹாரியட் கோல் நோட்டுப் புத்தகத்தோடு வந்து உட்கார்ந்தார். லோரீன் மாவுக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"முப்பத்திநாலாம் வருஷக் கோடைங்க. சனிக்கிழமைன்னா பெலிகன்ல எள்ளு விழ இடமிருக்காது. அந்தக் கூட்டத்துலயும் காலை வீசி உதைச்சு ஆடுவானுங்க. பக்கத்துல இருக்கிறவன் முழங்கால் வீங்கிடும். அதனால உதைக்கக் கூடாதுன்னு சட்டம். மீறினா வெள்ளைக் கையுறை போட்ட மேற்பார்வைக்காரர் வந்து தோளைத் தட்டுவாரு. மூணாவது தட்டுன்னா கோடை முழுக்க ஜோடியா வெளியே நிக்கணும். இந்த மனுஷனோட இடது கால் இருக்கே, அது கழுதைக்குச் செஞ்சது, தவறி இவருக்கு வந்துடுச்சு. ரெண்டு தட்டு வாங்கியாச்சு!"

"தாளம் வேகமா இருந்துச்சு," என்றார் ஆர்வில்.

"எனக்குப் புது கவுன். ரெண்டு மாசமாத் தைச்சது. இவரால நான் ஏன் வெளியே போகணும்? நெஞ்சோட நெஞ்சா இறுக்கிப் பிடிச்சேன். முட்டிக்கு முட்டி முட்டுக் கொடுத்தேன். காலைத் தூக்குனே, உன் முழங்கால் எலும்பு ரெண்டையும் ஒடிச்சிடுவேன்னேன். பாவம், தூக்க முடியாம தரையிலேயே தேய்ச்சுத் தேய்ச்சு வாத்து மாதிரி நகர்ந்தாரு. ஆனா தாளம் தப்பல. பக்கத்து ஜோடி, 'இது என்ன ஸ்டெப்பு?'ன்னு கேட்டாங்க. நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள, 'நான் கண்டுபிடிச்சது'ன்னுட்டாரு. அன்னைக்குத் திறந்த வாய்ங்க, இன்னும் மூடல."

ஹாரியட்டின் பேனா நின்றது. "அப்போ பலகையில யார் பேரு?"

"இவர் பேரையே போட்டுடுங்க. இல்லேன்னா யாரு சமாதானம் பண்றது?"

ஆர்வில் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். சாட்சி கிடைத்துவிட்டது. சரி என்று ஒரு தலையசைப்புப் போதும், அந்த இரண்டு கிழவர்களும் வயிறெரிந்து சாவார்கள். ஆனால் அடுத்தவன் கட்டிய படகில் அவர் ஒருநாளும் தன் பெயரை எழுதியதில்லை.

"லோரீன் ஸ்டப்ஸ்னு போடுங்க," என்றார். "கீழே சின்ன எழுத்துல, உதைச்சது ஆர்வில்னு..."

"இடம் பத்தாது, மிஸ்டர் ஸ்டப்ஸ்."

"நல்ல பெரிய பலகையாச்சே!"

"அவருக்கு ஒரு துண்டு ஆப்பிள் பை கொடுங்க," என்றார் ஹாரியட் லோரீனிடம்.

திறப்பு விழாவில் பலகை லோரீனின் பெயரோடு பளபளத்தது. அவள் கைகுலுக்கல்களில் அகப்பட்டுக்கொண்டு நின்றாள். மற்ற இரு கிழவர்களும் சிரிப்பை அடக்க முடியாமல் ஆர்வில்லிடம் வந்தார்கள்.

"என்னப்பா, உன் பேரைக் காணோமே?"

ஆர்வில் நெஞ்சை நிமிர்த்தினார். "உங்க ரெண்டு பேரையும் எவளாவது அப்படி இறுக்கிப் பிடிச்சாளா? பிடிக்கிற மாதிரி உதைக்கணும்டா. அதுக்குக் கால் வேணும்."